கப்பல் ஹெட்மாஸ்டர்

ரூபினாவுக்கு அந்தக் கோபம் வந்தது ஹோவிகனா கிராமத்து மருந்தக ஜன்னலுக்கு முன்னால். காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்து வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் தங்கை மகள் பியூலா, காய்ச்சலில் துவண்ட தம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். தாய் மலைத்தோட்டத்தில் இருந்தாள், வர மாலையாகும். நர்ஸ் மாத்திரைப் பொட்டலத்தை நீட்டி, வீட்டில் நீதானே கொடுக்கப்போகிறாய், மேலே எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துக் காட்டு என்றாள்.

பியூலா பொட்டலத்தைப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. காலை, மாலை, சாப்பிட்ட பிறகு என்று நாலைந்து சொல்தான் இருந்தது. ஆறாம் வகுப்பை முடிக்கப்போகிற பெண் அவள்.

நர்ஸ் தலையை எட்டி ரூபினாவைப் பார்த்தாள். "உங்க ஸ்கூல் பொண்ணுதானே டீச்சர் இவ?" என்றாள். குத்திக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் ரூபினாவுக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது.

அவர்கள் வாழ்ந்த இசபெல் தீவில் தங்கை பெற்ற பிள்ளையும் தான் பெற்ற பிள்ளையும் ஒன்று. கட்டுப் போட்டுக்கொள்ளாமலே வரிசையை விட்டு வெளியே வந்து, பியூலாவின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி அவளுக்கு வாசித்துச் சொன்னாள். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. ரூபினா அழவில்லை. நொண்டிக்கொண்டே நேராக ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள்.

அவள் நல்ல காலம், அன்று அவர் ஊரில் இருந்தார். ஹெட்மாஸ்டர் நதானியேல் ஹபுருவுக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் கப்பல். தலைநகர் ஹோனியாராவிலிருந்து வரும் கப்பலோடுதான் வருவார். அது திரும்பும்போது கூடவே போய்விடுவார். சம்பளம் வாங்கப் போக வேண்டும், கூட்டம் இருக்கிறது, அமைச்சகத்தில் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி, எல்லாருக்கும் தலைநகரத்து வம்பு. வாய் நிறையச் சிரிப்பார். ஊரில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. அன்றுவரை ரூபினாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அவர் வாசலில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தார். துணைத் தலைமையாசிரியை நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்து முக்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். பியூலா மட்டுமில்லை, அந்த வகுப்பில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும், ஆசிரியர்கள் நினைத்தபோது வருகிறார்கள், பத்து மணிக்குப் பிள்ளைகள் தோணி ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள் என்றாள்.

"எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா" என்றார் அவர், சிவந்த எச்சிலைத் துப்பிவிட்டு. "நம்ம பிள்ளைங்க கடல்ல மீன் பிடிக்கும், தோட்டம் போடும். யாரும் பட்டினி கெடக்கலியே."

"உங்க பசங்க எங்க படிக்கிறாங்க சார்?"

அவர் பிள்ளைகள் ஹோனியாராவில் படித்தார்கள். அதை அவர் சொல்லவில்லை. சிரித்தார். "உனக்கு அவ்வளவு அக்கறைன்னா நீயே பாத்துக்கோயேன் ரூபினா. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அடுத்த கப்பலில் கிளம்பிப் போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் இரண்டு வருடம் அவர் குறுக்கே நிற்கவே இல்லை.

ரூபினாவுக்கு அப்போது தெரிந்த ஒரே வழி கத்துவதுதான். காலையில் முதல் ஆளாகப் போய், தென்னை மரத்தில் தொங்கிய பழைய எரிவாயு உருளையை இரும்புக்கம்பியால் அடித்தாள். அதுதான் பள்ளிக்கூட மணி. ஆசிரியர்கள் மூன்று பேரில் யார் தாமதமாக வந்தாலும் பிள்ளைகள் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். நெஸ்டாவைக் கடையில் பிடித்துத் திட்டினாள். கிளெமெண்ட் குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டான். மட்டியாஸ் ஒரு நாள் கேட்டான், மறுநாளும் கேட்டான், மூன்றாம் நாள் மனைவி மக்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வடக்கே தன் ஊருக்குப் போய்விட்டான். அவன் வகுப்பையும் ரூபினாவே பார்த்தாள். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஓடி ஓடி, கடைசியில் இரண்டிலும் பாடம் நடக்கவில்லை.

பள்ளிக்குழுத் தலைவி மேபல் அவளோடு ஒன்றாகப் படித்தவள். பள்ளிக்கூடம் நின்ற நிலம் அவள் தாய்வழிக்குச் சொந்தம். கற்சூளையில் ரொட்டி சுட்டு விற்பாள். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "இருந்த மூணு வாத்தியார்ல ஒருத்தனை வெரட்டியாச்சு" என்றாள். "இன்னும் ரெண்டு பேர்தான் பாக்கி. எப்ப முடிப்ப?"

"உன் பேச்சை யாருடி கேட்டா?"

"யாரும் கேக்கல. மட்டியாஸ் ஏன் போனான்னு நீயும்தான் கேக்கல."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சனிக்கிழமை ஒரு படகை இரவல் வாங்கிக்கொண்டு வடக்கே போனாள். அவனைக் கண்டால் என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் கோபமாகவே கோத்துக்கொண்டு போனாள். அங்கே மட்டியாஸ் பேசவில்லை, அவன் மனைவிதான் பேசினாள். பள்ளிக்கூட வளாகத்தில் கொடுத்த வீட்டில் ஒவ்வொரு மழைக்கும் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் நிற்க வேண்டும். கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி விடவே இல்லை. கூரை மாற்றித் தருகிறோம் என்று ஊர்க்காரர்கள் வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். ஹெட்மாஸ்டரிடம் சொன்னால் சிரிக்கிறார். "நீங்களும் வந்தீங்க" என்றாள் அவள். "வாசல்ல நின்னு திட்டிட்டுப் போனீங்க. உள்ள வந்து பாக்கல."

திரும்பி வரும்போது ரூபினாவின் கோபம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மறுநாள் கோயிலில் ஆராதனை முடிந்து அறிவிப்புகள் சொல்லும் நேரத்தில் எழுந்து நின்றாள். உங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வந்தவன் குழந்தையோடு மழையில் நனைந்து நனைந்து ஊரை விட்டே போய்விட்டான், நீங்கள் ஞாயிறு தோறும் இங்கே வந்து அயலானை நேசி என்று பாடுகிறீர்கள் என்றாள். பாதிரியார் தரையைப் பார்த்தார். ஆண்கள் இருந்த பக்கத்தில் ஒருவர் இருமினார். மேபல் எழுந்து, புதன்கிழமைக்குள் கூரைக்குச் சவ்வரிசிப்பனை ஓலை தராத வீட்டுக்கு இனிமேல் ரொட்டி கிடையாது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தாள். ஓலை வந்தது. கூரை ஏறியது. இரண்டு வாரத்தில் மட்டியாஸும் வந்து சேர்ந்தான். ரூபினாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மணி அடிப்பதற்கு முன்னாலேயே வந்து நின்றான்.

அதற்குப் பிறகுதான் அவள் வகுப்புகளுக்குள்ளே போக ஆரம்பித்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதில்லை; கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவாள். கிளெமெண்ட் வகுப்பில் உட்கார்ந்த அன்று, அவன் காலை முழுக்கக் கரும்பலகையில் எழுத்துகளை அழகாக எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். ஒருவரும் ஒரு சொல்லும் வாசிக்கவில்லை. மத்தியானம் அவனைத் தனியே பிடித்துக் கேட்டபோது, திட்டு விழப்போகிறது என்று நினைத்து முதலில் மழுப்பினான். பிறகு சொல்லிவிட்டான். பயிற்சிக் கல்லூரிக்கு அவன் போனதே இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தவனை ஹெட்மாஸ்டர் ஒரு வாரத்துக்கு என்று உட்கார வைத்தார், அது இத்தனை வருடம் ஓடிவிட்டது. வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "கேக்க வெக்கமா இருந்துச்சுக்கா" என்றான்.

ரூபினாவுக்கு நெஞ்சு கொதித்தது. அவன்மேல் இல்லை. இத்தனை வருடமும் பக்கத்து அறையில் இருந்தவள் அவள். நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதான்.

அந்த வாரத்திலிருந்து புதன்கிழமை ஏற்பாடு தொடங்கியது. புதன்கிழமை மத்தியானம் ஒரு வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். ஒரு ஆசிரியர் பாடம் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிப்பார்கள். பிள்ளைகள் போன பிறகு, எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை, ஏன் புரியவில்லை என்று பேசுவார்கள். முதல் புதன் ரூபினாவே நடத்தினாள். நன்றாக நடத்தினோம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினாள். மட்டியாஸுக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள், ஜன்னலோரம் இருந்த இரண்டு பிள்ளைகள் தொடக்கத்திலிருந்து பல்லியைத்தான் பார்த்தார்கள் என்றான். நெஸ்டா, அக்கா சத்தம் போட்டால் முன்வரிசை விறைத்துப்போகிறது என்றாள். ரூபினாவுக்கு முகம் சிவந்தது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த புதனும் நானே நடத்துகிறேன் என்றாள். அதைக் கேட்டுத்தான் கிளெமெண்ட், அதற்கடுத்ததை நான் நடத்தட்டுமா என்று மெதுவாகக் கேட்டான்.

எல்லாம் நேராகிவிடவில்லை. நெஸ்டா ஒரு பருவம் முழுக்கப் புதன்கிழமைகளில் மட்டும் தலைவலி என்றாள். புயலில் ஒரு அறையின் சுவர் போனது. காய்கறித் தோட்டத்து வேலைக்குப் பிள்ளைகளை நிறுத்திக்கொண்ட தாய்மாரோடு ரூபினா சண்டை போட்டாள். அவர்களில் இரண்டு பேர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. ஆனால் தோணிகள் பத்து மணிக்குத் திரும்புவது நின்றது. பியூலா ஆறாம் வகுப்பிலேயே இன்னும் இரண்டு வருடம் உட்கார்ந்தாள், சிறுபிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டினாள். அந்த வெட்கத்தை அவள் எப்படித் தாங்கினாளோ. இரண்டாம் வருட முடிவில் ஆறாம் வகுப்பில் பெரும்பாலானோர் தேறினார்கள், பியூலாவும்தான். அந்தக் கடற்கரை ஓரத்தில் அப்படி நடந்து ஊராருக்கு ஞாபகமில்லை.

பள்ளியை நடத்திய திருச்சபையின் கல்விக் குழுவுக்கு அது எட்டியது. பார்க்க வருகிறோம் என்றார்கள். அவர்கள் வந்த படகில் முன்னால், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கரையைப் பார்த்துக் கை ஆட்டியபடி நின்றவர் ஹெட்மாஸ்டர் ஹபுரு.

பிள்ளைகள் மாலை போட்டார்கள். பன்றி அடித்திருந்தார்கள்; கற்சூளையில் சேனையும் சர்க்கரைவள்ளியும் வெந்துகொண்டிருந்தன. ஹபுரு விருந்தாளிகளைக் கையோடு அழைத்துப்போய்ப் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். புதன்கிழமை ஏற்பாட்டை அவரே விளக்கினார்; படகில் வரும்போது யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஆசிரியர்களைச் சுதந்திரமாக விட்டு, தூரத்திலிருந்து வழிகாட்டுவதுதான் தன் முறை என்றார். ரூபினா அவருக்குப் பின்னால் நடந்தாள். காலுக்கடியில் மணல் சுடுவது மாதிரி இருந்தது.

விருந்தாளிகளில் மூத்தவர், அப்படியானால் ஒரு பாடம் பார்ப்போமே என்றார். அது நெஸ்டாவின் முறை. அவள் எழுவதற்குள் ஹபுரு கையை உயர்த்தி, இன்று நானே நடத்துகிறேன் என்று முன்னால் போய் நின்றார்.

நன்றாகவே நடத்தினார். அதை மறைத்துப் பயனில்லை. ஒரு முதலையும் ஒரு சோம்பேறி மீனவனும் பற்றிக் கதை சொன்னார். குரலை மாற்றினார், வாலை ஆட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதையில் வந்த சொற்களைப் பலகையில் எழுதி, சொல்லுங்கள் என்றார்; எல்லாரும் கூவினார்கள். விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் வெளியே போனதும் அவரும் கிளம்பப் பார்த்தார். "உக்காருங்க சார்" என்றாள் ரூபினா. "இன்னும் முடியல. இனிமேதான் பேசுவோம்."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். நெஸ்டா கதையைப் புகழ்ந்தாள். மட்டியாஸ், எல்லாரும் சேர்ந்து கூவும்போது யாருக்கு வாசிக்கத் தெரிகிறது என்று தெரியாதே என்றான். கிளெமெண்ட், கடைசி வரிசையில் மூன்று பேர் உதட்டை மட்டும் அசைத்தார்கள் என்றான்.

"கூச்ச சுபாவம்" என்றார் ஹபுரு. "அதுங்க எப்பவும் அப்படித்தான்."

"யாரு சார் அதுங்க?" என்று கேட்டாள் ரூபினா. "பேரு சொல்லுங்க."

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அங்கே தேடுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஒரு பேரு. உங்க ஸ்கூல்ல ஒரே ஒரு பிள்ளை பேரு சொல்லுங்க சார், போதும்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. மூத்த விருந்தாளி தொண்டையைச் செருமி, சாப்பாடு ஆறிவிடப் போகிறது என்றார். எல்லாரும் எழுந்தார்கள்.

இத்தனை பேர் முன்னால் அவர் சாயம் வெளுத்த பிறகு அவரை நீக்கிவிடுவார்கள் என்று ரூபினா நினைத்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பின் அந்த மூத்தவரே எழுந்து அறிவித்தார்: இந்தத் தீவிலுள்ள திருச்சபைப் பள்ளிகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராக ஹபுரு நியமிக்கப்படுகிறார், ஹோவிகனாவில் செய்ததை அவர் எல்லா ஊரிலும் செய்வார். இங்கே புதிய தலைமையாசிரியராக அவருடைய சகோதரி மகன் வருவார். துணைத் தலைமையாசிரியை தொடர்ந்து நல்ல ஒத்துழைப்புத் தர வேண்டும். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

அவள் கையிலிருந்த இலைத்தட்டை அப்படியே மணலில் வைத்துவிட்டு எழுந்து போனாள். வழியில் அந்த மூத்தவர் அவளை நிறுத்தி, மனவருத்தம் வேண்டாம் சகோதரி, அவருக்கு எல்லாரையும் தெரியும், அது பள்ளிக்கு நல்லது என்றார்.

"எல்லாரையும்னா யாரை? உள்ள இருக்கிற பிள்ளைங்களைத் தவிர எல்லாரையுமா?"

"கோபத்துல பேசாதீங்க சகோதரி."

"கோபத்துலதான் ரெண்டு வருஷமா இந்த ஸ்கூல் நடக்குது" என்றாள் அவள். "நீங்க வேற எதையாவது குடுத்திருந்தா அதுல நடத்தியிருப்பேன்."

அன்று மீதிப் பொழுதெல்லாம் தோட்டத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தாள், நல்ல கொடியையும் சேர்த்து. போய்விடலாம் என்று தோன்றியது. ஹோனியாராவில் அண்ணன் இருந்தான். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு ஆள் தேவை என்று எப்போதும் சொல்வான். மேபல் வந்து வரப்பில் உட்கார்ந்தாள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. புது ஹெட்மாஸ்டர் எந்தக் கப்பலில் வருகிறார் என்று மட்டும் கேட்டாள்.

அவன் அடுத்த மாதம் வந்தான். நல்ல இளைஞன், மரியாதை தெரிந்தவன்; அவன்மேல் ரூபினாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வழக்கமாகப் புதுத் தலைமையாசிரியர் வந்தால் ஊரே கரைக்கு இறங்கிப் பெட்டிகளைத் தூக்கும். அன்றும் ஊர் கரைக்கு இறங்கியது. ஆனால் யாரும் தூக்கவில்லை. மணலில் அவனுடைய பெட்டிகளும் ஒரு மெத்தையும் ஒரு ஜெனரேட்டரும் கிடந்தன. மேபல் ஒரு இளநீரை வெட்டி அவன் கையில் கொடுத்தாள்.

"தம்பி, மாசத்துல எத்தனை நாள் இங்க இருப்பீங்க?" என்று கேட்டாள்.

அவன் மாமாவைப்போலவே சிரித்தான். குடும்பம் ஹோனியாராவில் இருக்கிறது, அவ்வப்போது போய்வர வேண்டியிருக்கும், முடிந்தவரை இருப்பேன் என்றான். பொய் சொல்லவில்லை, பாவம்.

"நல்லது" என்றாள் மேபல். "எங்க அம்மா வழி நிலத்துல ஸ்கூல் கட்ட இடம் குடுத்தோம், வாத்தியார் தங்க வீட்டுக்கும் குடுத்தோம். போய்ட்டு வர்றவங்களுக்கு இடம் குடுக்கல. இளநீரைக் குடிங்க. கப்பல் இன்னும் கெளம்பல."

அவன் ரூபினாவைப் பார்த்தான், உதவி கேட்கிற மாதிரி. பாதிரியாரைப் பார்த்தான். அவர் இந்தத் தடவையும் தரையைத்தான் பார்த்தார். மட்டியாஸ் முன்னால் வந்து ஒரு பெட்டியைத் தூக்கினான். தூக்கி, அலையில் ஆடிக்கொண்டிருந்த படகில் கொண்டுபோய் வைத்தான். பிறகு கிளெமெண்ட் இன்னொன்றை எடுத்தான். ஜெனரேட்டருக்கு நாலு பேர் வேண்டியிருந்தது.

திருச்சபையிலிருந்து கடுமையான செய்திகள் வந்தன. பள்ளிக்கு வர வேண்டிய புத்தகங்கள் ஒரு பருவம் முழுக்க வரவில்லை. ஹபுரு ரேடியோவில் பேசினார்; புதன்கிழமைப் பாடமுறையைப் பற்றி விரிவாகச் சொன்னார். ஹோவிகனாவில் ரேடியோ இருந்த வீட்டிலெல்லாம் அதைக் கேட்டார்கள். ரூபினா கேட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து அதை அணைத்தாள். அது அவள் வீட்டு ரேடியோகூட இல்லை.

வருடக் கடைசியில் ஒரு வழியாக உத்தரவு வந்தது. ரூபினா தலைமையாசிரியை, ஆனால் தற்காலிகமாக, மறு உத்தரவு வரும்வரை. அவள் அதை மேபலின் சூளைப் பக்கம் கொண்டுபோய், மாவு பிசைந்துகொண்டிருந்தவள் முன்னால் வீசினாள். "பாருடி. தற்காலிகமாம். கூட்டிப் பெருக்கினது நானு, கூரை போட்டது நானு, இப்பவும் தற்காலிகம்."

மேபல் கை மாவைத் தட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "கூரை போட்டது நாங்க" என்றாள். அப்புறம், "நிரந்தரமா இருந்தவரு ஹோனியாராவுல இருந்தாரு. நீ தற்காலிகமாவே இருந்துட்டுப் போ" என்றாள்.

ரூபினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தும் சூடாக ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்றாள். கோபத்தில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தெற்குப் பக்கத்துக் குட்டித் தீவிலிருந்து இரண்டு ஆசிரியைகள் படகில் வந்தார்கள். மேற்பார்வையாளர் சொன்ன முறையைத் தங்கள் பள்ளியில் செய்து பார்த்தார்களாம், சரிப்பட்டு வரவில்லையாம், அதுதான் இங்கேயே வந்து பார்க்கலாம் என்று வந்தார்களாம். மேற்பார்வையாளர் சொன்ன முறை என்றதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. அவர்களை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர்களில் சின்னவள் அலையில் முழுக்க நனைந்திருந்தாள், குளிரில் பல் தந்தியடித்தது.

"மொதல்ல துணிய மாத்திட்டு வாங்க" என்றாள் ரூபினா. "கிளெமெண்ட் வகுப்பு ஆரம்பிக்கப் போகுது. பின்னால இடம் போடச் சொல்றேன்."

பிறகு மட்டியாஸ் இன்னும் வரவில்லை என்பது கண்ணில் பட்டது. அவன் வீட்டுப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.